பாக்குலோவைரஸில் பாக்கு இல்லை: பூச்சி வைரஸ் பெயரைப் பிரித்துப் படிப்பது எப்படி

எங்கள் பக்கத்தில் வேர்க்கடலை என்று சொன்னால் எல்லாருக்கும் புரியும், ஆனால் வீட்டில் யாரும் அப்படிச் சொல்வதில்லை. மல்லாட்டைதான். அணைக்கட்டு, ஒடுகத்தூர், போளூர், ஆரணி, எந்தப் பக்கம் போனாலும் இதே பேச்சு. சின்ன வயதில் நான் அதை மல்லாந்து படுத்துக் கிடக்கும் கொட்டை என்று நினைத்துக்கொண்டிருந்தேன், செடியைப் பிடுங்கித் திருப்பிப் போடும்போது காய்கள் மல்லாக்கத்தானே தெரிகின்றன. அப்புறம் பெரியவர்கள் சிலர் மல்லாக்கொட்டை என்றார்கள், இன்னும் பழைய ஆட்கள் மணிலாக்கொட்டை என்றார்கள், கதை வெளியே வந்துவிட்டது. தென் அமெரிக்காவில் பிறந்த செடி, பிலிப்பைன்ஸ் நாட்டு மணிலா வழியாக வந்த கொட்டை என்று பெயர் வாங்கி, வட ஆர்க்காட்டு வாயில் தேய்ந்து தேய்ந்து மல்லாட்டை ஆகியிருக்கிறது.

இதை முதலில் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. வேலூரில் விலங்கியல் இரண்டாம் ஆண்டு படிக்கும் என் அக்கா பெண் ஒரு சனிக்கிழமை வந்து, "மாமா, பாக்குலோவைரஸ்னா இன்னா அர்த்தம்? பேர்க் காரணம் எழுதிட்டு வரச் சொல்லியிருக்காங்க" என்றாள். அது புழு, பூச்சிகளைக் கொல்லும் ஒரு வைரஸ் குடும்பம், ஆனால் அவள் வகுப்பில் ஒரு பையன் அது பாக்கு மரத்துக்கு வரும் நோய் என்று ஏற்கெனவே எழுதிக் கொடுத்துவிட்டானாம். நான் மல்லாந்து கிடக்கும் கொட்டை என்று நினைத்ததும் இதுவும் ஒரே வகைத் தப்புதான். காதில் விழும் ஒலிக்கு நமக்குத் தெரிந்த சொல்லை ஒட்ட வைத்துவிடுகிறோம். ஆர்க்காடு என்பதை ஆறு காடு என்று ஒருவர் சொல்வார், ஆல மரக் காடு என்பார் இன்னொருவர், ஆர் என்றால் ஆத்தி, அதனால் ஆத்திக் காடு என்பார் மூன்றாமவர். மூன்றும் கேட்க நன்றாக இருக்கும். கேட்க நன்றாக இருப்பது சாட்சி ஆகாது, அவ்வளவுதான்.

நான் மொழியியல் படித்தவன் இல்லை. மல்லாட்டை போடுகிறவன், பூச்சிமருந்து பாட்டிலில் எழுதியிருப்பதை முழுக்கப் படிக்கும் கெட்ட பழக்கம் உள்ளவன், ஏன் வந்தது அந்தப் பழக்கம் என்பதைப் பின்னால் சொல்கிறேன். அன்றைக்கு அவளோடு உட்கார்ந்து செய்ததை அப்படியே எழுதுகிறேன். பாக்குலோவைரஸை வைத்துச் செய்தோம், ஆனால் எந்தப் பூச்சி வைரஸ் பெயருக்கும் இதே வேலைதான்.

முதலில் வாலிலிருந்து ஆரம்பியுங்கள். தலையிலிருந்து பிரித்தால்தான் பாக்கு, வெற்றிலை எல்லாம் வரும். வைரஸ் பெயர்களின் வாலுக்குக் கறாரான விதி உண்டு, வைரஸ் வகைப்பாட்டுக்கான பன்னாட்டுக் குழு (சுருக்கமாக ஐ.சி.டி.வி.) வைத்த விதி. வெறும் வைரஸ் என்று முடிந்தால் அது பேரினம். விரிடே என்று முடிந்தால் குடும்பம். விரேல்ஸ் என்று முடிந்தால் அதற்கும் மேலே உள்ள வரிசை. ஆக, பாக்குலோவிரிடே என்பது குடும்பம், அதற்குள் ஆல்ஃபாபாக்குலோவைரஸ், பீட்டாபாக்குலோவைரஸ், காமாபாக்குலோவைரஸ், டெல்டாபாக்குலோவைரஸ் என நான்கு பேரினங்கள். வாலை வெட்டி ஓரமாக வைத்துவிட்டால் பாதிப் பயம் போய்விடும்.

ஆனால் வெட்டின வாலைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், அதிலேயே ஒரு நல்ல விஷயம் இருக்கிறது. வைரஸ் என்பது லத்தீனில் நஞ்சு, கொழகொழப்பான கெட்ட நீர். நம்மிடம் வடமொழி வழியாக வந்த விஷமும் இந்த வைரஸும் ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள். இரண்டு உயிரெழுத்துகளுக்கு நடுவில் ஸகரம் வந்தால் அதை ரகரமாக்கிவிடுவது பழைய லத்தீனின் வழக்கம், அதனால் அங்கே "விர்", இங்கே "விஷ்". இதைச் சொன்னதும் அவள் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "அப்ப வைரஸ் விஷம்னு சொன்னா ஒரே வார்த்தைய ரெண்டு வாட்டி சொல்றதா?" என்றாள். கிட்டத்தட்ட அப்படித்தான். நோய் பரப்பும் பொருளுக்கு இந்தச் சொல் ரொம்ப நாளாகவே ஓடிக்கொண்டிருந்தது, 1898இல் நெதர்லாந்தின் பெய்ஜெரிங்க் புகையிலைத் தேமல் நோயை ஆராய்ந்து, வடிகட்டியில் நிற்காத இது வேறு ஏதோ ஒன்று என்று சொன்னபோது இந்தப் பெயரையே எடுத்துக்கொண்டார். தமிழில் நச்சுயிரி என்று வைத்தவர்களுக்கு இது தெரிந்தே இருந்திருக்க வேண்டும். தீநுண்மி என்ற சொல்லும் நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் நச்சுயிரியில் பழைய வாசனை இருக்கிறது என்பது என் கட்சி.

அடுத்து, மூட்டு எங்கே என்று பாருங்கள். இது நமக்கு ரொம்பச் சுலபம், சாரியை தெரியும் அல்லவா? புளி, பழம் இரண்டையும் சேர்க்கும்போது நடுவில் ஓர் "அம்" வந்து புளியம்பழம் ஆகிறது. அந்த அம்முக்கு அர்த்தம் கிடையாது, ஒட்டுக்கு இருக்கிறது. கிரேக்கச் சொற்களைச் சேர்க்கும்போது இந்த வேலையை "ஓ" செய்யும், லத்தீன் சொற்களில் பெரும்பாலும் "இ" செய்யும். விஞ்ஞானிகள் இரண்டையும் கலந்து கட்டி அடிப்பார்கள் என்பதால் ஓ, இ இரண்டையும் சந்தேகப்படுங்கள். பாக்குல், ஓ, வைரஸ். நூட், இ, வைரஸ். நியூக்ளி, ஓ, பாலிஹெட்ர், ஓ, வைரஸ். சாரியையைக் கழற்றின பிறகு மிஞ்சுவதுதான் அகராதியில் தேட வேண்டியது. அவள் முதலில் "பாக்குலோ" என்று முழுசாகப் போட்டுத் தேடி ஒன்றும் கிடைக்காமல் உட்கார்ந்திருந்தாள். ஓவை எடுத்ததும் வந்துவிட்டது: பாக்குலும், லத்தீன், பொருள் கோல், ஊன்றுகோல், தடி.

தேடுவதற்கு இடம் வேண்டும் என்றால், அமெரிக்காவின் டஃப்ட்ஸ் பல்கலைக்கழகம் நடத்தும் பெர்சியஸ் இணையதளத்தில் பழைய லத்தீன், கிரேக்க அகராதிகள் காசில்லாமல் கிடைக்கும். ஐ.சி.டி.வி. தன் அறிக்கையில் பல வைரஸ் குடும்பங்களுக்குப் பெயர் எங்கிருந்து வந்தது என்று ஒரு சின்னப் பகுதியே வைத்திருக்கிறது, பாதிப் பேர் அதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். அகராதியை முதலில் பாருங்கள், அப்புறம் அங்கே போய்ச் சரிபாருங்கள். நேரே விடையைப் பார்த்தால் மனதில் தங்காது.

சரி, கோல் என்று கிடைத்தது. இத்தோடு நிறுத்தினால் வீட்டுப்பாடம் முடிந்துவிடும், ஆனால் ருசியே இனிமேல்தான். அந்தக் கோலுக்கு உறவுக்காரர்கள் யார் என்று தேடுங்கள். பேசில்லஸ் என்ற பாக்டீரியா பெயரும் இதே லத்தீன் வேரிலிருந்து வந்தது, சின்னக் கோல் என்று பொருள். பாக்டீரியா என்பதே கிரேக்கத்தில் சின்னக் கோல்தான், பாக்டெரியான். பிரான்சில் நீளமாக ஒரு ரொட்டி இருக்கிறதே, பகெட், அதுவும் இத்தாலி வழியாக இந்தக் கோல் வீட்டுக்குத்தான் போகிறது. பாலூட்டிகள் பலவற்றின் ஆண் குறியில் உள்ள எலும்புக்கும் பாக்குலும் என்றே பெயர், வகுப்பில் அதை எப்படிச் சொல்வது என்று அவளுக்கு ஒரே சிரிப்பு.

இங்கே ஒரு வேடிக்கை. சின்னக் கோல் என்று பெயர் வாங்கிய பேசில்லஸ் சில மைக்ரோமீட்டர் நீளம். கோல் என்று பெரிய மனிதர் மாதிரிப் பெயர் வைத்துக்கொண்ட பாக்குலோவைரஸின் குச்சியோ 250 முதல் 300 நானோமீட்டர்தான், அதாவது சின்னக் கோலில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்குதான். ஆக, பெயர் அளவைச் சொல்லவில்லை, வடிவத்தை மட்டும் சொல்கிறது. பெயர் எதைச் சொல்லவில்லை என்பதையும் ஓரத்தில் எழுதிக்கொள்ளுங்கள். உரக்கடையில் பி.டி. என்று கேட்டாலும் என்.பி.வி. என்று கேட்டாலும் "ரெண்டும் புழு சாவுற கிருமிதாம்பா" என்பார்கள். பி.டி. என்பது பேசில்லஸ் துரிஞ்சியென்சிஸ், பாக்டீரியா, ஜெர்மனியின் துரிங்கியா பகுதிப் பெயர் அதில் இருக்கிறது. என்.பி.வி. என்பது நியூக்ளியோபாலிஹெட்ரோவைரஸ், பாக்குலோ குடும்பத்து வைரஸ். கோல் குடும்பப் பெயர் ஒன்றாக இருக்கிறதே தவிர ஆள் வேறு.

இப்போது என் கணக்கில் முக்கியமான கேள்வி, எல்லாரும் விட்டுவிடும் கேள்வி: பெயர் வைத்தவர் அப்போது எதைப் பார்த்துக்கொண்டிருந்தார், எந்தக் கருவியால்?

பட்டுப்புழுவிலிருந்து பார்த்தால் இது நன்றாகப் புரியும். திருப்பத்தூர் பக்கம் மல்பெரி போட்டுப் பட்டுப்புழு வளர்ப்பவர்களைக் கேட்டுப் பாருங்கள், புழு ஊதி, தோல் பளபளத்து, தொட்டால் பால் மாதிரி நீர் வடிந்து சாகும் நோயைச் சொல்வார்கள். ஐரோப்பாவில் 1527இலேயே மார்க்கோ விடா என்ற இத்தாலியர் பட்டுப்புழு வளர்ப்பைப் பற்றி லத்தீனில் எழுதிய கவிதையில் இந்த நோயின் சாயல் இருக்கிறது. பிரெஞ்சுக்காரர்கள் இதற்கு கிராஸரி என்று பெயர் வைத்தார்கள், கிரா என்றால் கொழுப்பு, கொழுத்த புழு. வெறுங்கண்ணால் பார்த்தவர் வைத்த பெயர் அது.

அப்புறம் 1856இல் இத்தாலியில் மயெஸ்திரி, கொர்னாலியா இருவரும் நுண்ணோக்கியில் அந்தப் பாலைப் பார்த்தார்கள். பட்டை தீட்டிய கல் மாதிரி பல முகம் உள்ள மினுமினுக்கும் படிகங்கள். அதிலிருந்துதான் பாலிஹெட்ரான் பெயருக்குள் நுழைகிறது. நோய் என்பதைக் காட்ட ஓசிஸ் என்ற கிரேக்க விகுதியைச் சேர்த்துப் பாலிஹெட்ரோசிஸ் ஆனது. அந்தப் படிகத்துக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்க அந்தக் காலக் கருவிக்குக் கண் போதாது. 1947இல் ஜெர்மனியில் பெர்கோல்ட் என்பவர் படிகத்தைக் காரத்தில் கரைத்து எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தபோது உள்ளே குச்சி குச்சியாக வைரஸ்! பாக்குலோ என்ற பெயர் அதற்கும் பிறகு வந்தது.

பாருங்கள், ஒரே வைரஸ்தான். கண்ணால் பார்த்தவருக்குக் கொழுத்த புழு, கண்ணாடியால் பார்த்தவருக்குப் படிகம், எலெக்ட்ரானால் பார்த்தவருக்குக் கோல். கிணறு வெட்டும்போது செம்மண், சுக்கான், பாறை என்று அடுக்கடுக்காக வருவது மாதிரி ஒரு பெயருக்கு அடியில் இன்னொரு பெயர் கிடக்கிறது. காட்டில் பார்த்தவர்கள் வேறு பெயர் வைத்தார்கள். ஜெர்மன் காடுகளில் இந்த நோய் வந்த புழுக்கள் மர உச்சிக்கு ஏறிப் போய்த் தலைகீழாகத் தொங்கிச் சாகும், அதனால் அங்கே விப்ஃபெல்கிராங்க்ஹைட், அதாவது உச்சிமர நோய். எங்கள் அம்மா இதை மல்லாட்டைச் செடியில் பார்த்துவிட்டு "தொங்கட்டான் புழு" என்றார். நூறு வருஷம் முன்னால் அம்மா ஜெர்மனியில் இருந்திருந்தால் புத்தகத்தில் ஏறியிருக்கும்.

பாலிஹெட்ரானையும் உடைத்துவிடுவோம். பாலி என்றால் பல. ஹெட்ரா என்றால் இருக்கை, உட்காரும் பக்கம். ஒரு பகடையை உருட்டினால் ஏதாவது ஒரு பக்கத்தில் உட்காரும் அல்லவா, அந்தப் பக்கம்தான் ஹெட்ரா. சொல்லின் முதலில் வரும் ஸகரத்தை ஹகரமாக்குவது கிரேக்கர் வழக்கம். நம் சிந்து பாரசீகர் வாயில் ஹிந்து ஆனதே, அது மாதிரி. அந்த ஹகரத்தைத் திருப்பி ஸகரமாக்கினால் செட் என்று வரும், லத்தீனில் உட்கார்வதற்கு செடேரே, வடமொழியில் ஸத். குருவின் பக்கத்தில் போய் உட்கார்வது என்று விளக்கம் சொல்லும் உபநிஷத்தின் கடைசித் துண்டு இதுவேதான். பட்டுப்புழுவின் பாலில் மிதக்கும் படிகத்துக்கும் உபநிஷத்துக்கும் ஒரே வேர் என்று சொன்னால் யார் நம்புவார்கள்? என் அக்கா பெண் நம்பவில்லை, அகராதியைக் காட்டிய பிறகுதான் எழுதிக்கொண்டாள்.

இனி நியூக்ளியோ. செல்லின் கரு என்று எல்லாருக்கும் தெரியும். ஆனால் லத்தீனில் நியூக்ளியஸ் என்றால் பருப்பு, ஓட்டுக்குள் இருக்கும் கொட்டைப் பருப்பு, நுக்ஸ் என்ற கொட்டையிலிருந்து வந்தது. மல்லாட்டையை உடைத்து வாயில் போடுகிறோமே, அதுவே நியூக்ளியஸ். ஆக நியூக்ளியோபாலிஹெட்ரோவைரஸ் என்பதை எங்கள் ஊர்ப் பேச்சில் சொன்னால், பருப்புக்குள் பல முக நஞ்சு. லத்தீன், கிரேக்கம், மறுபடி லத்தீன் என்று பிரியாணியில் சாம்பார் ஊற்றின மாதிரிக் கலந்த பெயர், ஆனாலும் எதையும் மறைக்கவில்லை: செல்லின் கருவுக்குள் பல முகப் படிகமாக உருவாகும் வைரஸ். இதே குடும்பத்தில் படிகம் பெரிதாக இல்லாமல் பொடிப் பொடியாக இருந்தால் கிரானுலோவைரஸ். கிரானும் என்றால் தானிய மணி, கிரானுலும் என்றால் சின்ன மணி. தமிழில் இதற்கு யாரும் கஷ்டப்பட்டுச் சொல் தேட வேண்டாம், குருணை என்று ஒன்று இருக்கவே இருக்கிறது, அரிசிக் குருணை, குருணை மருந்து என்று தினமும் சொல்கிறோம். திருவலம், அம்முண்டி பக்கத்துக் கரும்பில் வரும் இளங்குருத்துப் புழுவுக்குக்கூட இந்தக் குருணை வைரஸ் ஒன்று உண்டு.

சரி, இப்போது பெயரின் முன்பாதி. இதில்தான் எங்களுக்குக் காசு போனது.

பூச்சி வைரஸின் முழுப் பெயரில் முதலில் வருவது அது பிடிக்கும் பூச்சியின் பெயர். எங்கள் மல்லாட்டையில் இலையைச் சல்லடையாக்கும் புழுவை எல்லாரும் புரொடீனியா என்போம். அது பழைய பேரினப் பெயர், புத்தகத்தில் மாறி எத்தனையோ காலம் ஆகிவிட்டது, வயலில் மாறவில்லை. இப்போதைய பெயர் ஸ்போடோப்டெரா லிட்டூரா. ஸ்போடோஸ் சாம்பல், டெரான் இறகு (முன்னால் ஒரு மௌனப் பகரம் உண்டு, ஹெலிகாப்டரில் வரும் அதே ப்டெர்). லிட்டூரா என்பது லத்தீனில் தீற்றல், எழுதியதை அழிக்கும்போது படிகிறதே அந்தக் கறை. சாம்பல் இறகில் தீற்றல். அந்துப்பூச்சியைப் பிடித்து விளக்கில் காட்டிப் பாருங்கள், பெயர் வைத்தவர் பொய் சொல்லவில்லை.

சில வருஷம் முன்னால் புரொடீனியா மண்டியபோது அப்பா ஒரு கடையில் என்.பி.வி. கேட்டார். கொடுத்தார்கள். சாயங்காலம் வெல்லக் கரைசல் கலந்து, இலைக்கு அடியில் படும்படி, ஒரு குறையும் இல்லாமல் அடித்தோம். ஒரு வாரம் காத்திருந்தோம். புழுக்கள் எங்களை மதிக்கவே இல்லை, இலைக்கு நரம்பு மட்டும் மிச்சம். அப்புறம்தான் பாட்டிலைத் திருப்பிப் பார்த்தேன்: ஹெலிகோவெர்பா ஆர்மிஜெரா என்.பி.வி. அது தக்காளி, துவரையில் காய் துளைக்கும் புழுவுக்கானது. கடையில் போய்க் கேட்டால் "எல்லாம் என்.பி.வி.தானே" என்று பதில். இல்லை ஐயா, எல்லாம் என்.பி.வி. இல்லை. ஆர்மிஜெரா என்றால் ஆயுதம் ஏந்தியவள், எங்கள் எதிரியோ தீற்றல்காரி. அன்றைக்குப் பிடித்தது இந்தப் பாட்டில் படிக்கும் பழக்கம்.

அதனால் வாங்கும்போது சுருக்கெழுத்தைப் பாருங்கள். எஸ்.எல்.என்.பி.வி. என்றால் ஸ்போடோப்டெரா லிட்டூராவுக்கு, எச்.ஏ.என்.பி.வி. என்றால் ஹெலிகோவெர்பா ஆர்மிஜெராவுக்கு. மல்லாட்டையில் புரொடீனியாவுக்கு எக்டருக்கு 250 புழுச் சமன் (நோய் வந்த 250 புழுக்களில் கிடைக்கும் வைரஸ் அளவு) என்பது வழக்கமான பரிந்துரை, மற்ற விவரத்துக்கு விரிஞ்சிபுரம் வேளாண் அறிவியல் நிலையத்தில் கேட்டுக்கொள்ளலாம். பெயரே மிச்சத்தைச் சொல்லிக் கொடுக்கும்: பல முகப் படிகம் என்பதால் அதைப் புழு தின்றாக வேண்டும், மேலே பட்டால் ஒன்றும் ஆகாது. புழுவின் குடலில் உள்ள காரத்தில்தான் படிகம் கரைந்து கோல் வெளியே வரும், 1947இல் பெர்கோல்ட் கண்ணாடிக் குடுவையில் செய்ததைப் புழு தன் வயிற்றிலேயே செய்துகொள்கிறது. அதுவும் பெரிய புழுவாகிவிட்டால் சாவதற்கு நாள் இழுக்கும், குட்டிப் புழுவாக இருக்கும்போதே அடிக்க வேண்டும். வெயிலின் புற ஊதாக் கதிர் வைரஸைக் கெடுத்துவிடும் என்பது மட்டும் பெயரில் இல்லை, அதற்காகத்தான் சாயங்காலம்.

முதல் மழைக்குப் பிறகு மந்தை மந்தையாக வரும் சிவப்புக் கம்பளிப் புழுவும் இதே கதை, அம்சாக்டா அல்பிஸ்ட்ரைகா. அல்பி வெள்ளை, ஸ்ட்ரைகா கோடு. பழுப்பு முன்னிறகில் வெள்ளைக் கோடுகள். அதற்கும் தனியாக ஒரு என்.பி.வி. இருக்கிறது.

இந்த வழி எல்லாம் உதவாத இடம் ஒன்று இருக்கிறது, அதில் நானே விழுந்தேன். பாலிட்னாவைரஸ் என்று ஒரு பெயரைப் பார்த்து, பாலி என்றால் பல, இட்னா என்றால் என்ன என்று கிரேக்க அகராதியில் ஒரு மாலை முழுக்கத் தேடினேன். இட்னாவும் இல்லை, கிட்னாவும் இல்லை. பாலி, டி.என்.ஏ., வைரஸ்! அதன் டி.என்.ஏ. பல துண்டுகளாக இருப்பதால் அப்படி. சைப்போவைரஸும் இதே ஏமாற்று, சைட்டோபிளாசம் பாலிஹெட்ரோசிஸ் என்ற இரண்டின் தலைகளையும் வெட்டி ஒட்டியது. ஐஃப்ளாவைரஸ் என்பது பட்டுப்புழுவுக்கு வரும் தொற்று ஃப்ளாஷெரி நோயின் முதல் எழுத்துகள், அந்த ஃப்ளாஷெரியை 1860களில் பாஸ்டர் தெற்கு பிரான்சில் உட்கார்ந்து ஆராய்ந்தார். பாக்குலோவிரிடே குடும்பம் இருக்கும் வரிசைக்கு லெஃபாவிரேல்ஸ் என்று பெயர், அதில் வரும் லெஃப் என்பது தாமதமாக வேலை செய்யும் மரபணுக்களைத் தட்டி எழுப்பும் காரணிகளின் சுருக்கம். அதனால், அகராதியில் கிடைக்கவில்லை என்றால் உடனே முதலெழுத்துச் சுருக்கமா என்று பாருங்கள். புதுப் பெயராக இருந்தால் சந்தேகம் இன்னும் அதிகம். சமீபத்தில் இனங்களுக்கு இரட்டைப் பெயர் வைத்தபோதும் இதையே செய்திருக்கிறார்கள்: ஆல்ஃபாபாக்குலோவைரஸ் ஹெலார்மிஜெரே. ஹெல் யார் என்று நரகம் வரை போக வேண்டாம், ஹெலிகோவெர்பாவின் ஹெல், ஆர்மிஜெராவோடு ஒட்டியது.

மாறாகச் சில பெயர்கள் கதையாகவே இருக்கும். இரிடோவைரஸ் பிடித்த புழு நீலமாக மயில் கழுத்து மாதிரி மின்னும், அதற்காக வானவில் தேவதை ஐரிஸின் பெயர். அஸ்கோவைரஸில் அஸ்கோஸ் என்றால் தோல் பை, நோய் வந்த செல் பை பையாகப் பிரிந்து புழுவின் ரத்தத்தில் மிதக்கும். ஆட்டோகிராஃபா கலிஃபோர்னிகா என்ற அந்துப்பூச்சியின் இறகில் யாரோ எழுத்து எழுதின மாதிரிக் குறி இருக்கும், ஆட்டோ தானே, கிராஃபே எழுத்து. அதன் வைரஸ்தான் உலக ஆய்வகங்களில் புரதம் செய்யும் வேலைக்காரன். அந்த வேலை நடக்கும் செல்கள் பெரும்பாலும் நம் மக்காச்சோளத்தைத் தின்னும் படைப்புழுவினுடையவை, ஸ்போடோப்டெரா ஃப்ருஜிபெர்டா, விளைச்சலை அழிப்பது என்று பொருள். நம் நாட்டில் போடப்பட்ட கோவோவேக்ஸ் என்ற கொரோனா தடுப்பூசியின் புரதம் இப்படித்தான் தயாரானது.

தென்னைக்காரர்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். குடியாத்தம், பள்ளிகொண்டா தோப்புகளில் குருத்தைக் குடையும் காண்டாமிருக வண்டுக்கு ஒரு வைரஸ் உண்டு, 1960களில் மலேசியாவில் ஹூகர் என்பவர் கண்டுபிடித்தார். முதலில் வைத்த பெயர் ராப்டியான்வைரஸ். ராப்டியான் கிரேக்கத்தில் சின்னக் கோல். பிறகு அதைப் பாக்குலோவைரஸ் என்று லத்தீன் கோலுக்கு மாற்றினார்கள். அப்புறம், இதற்குப் படிக உறையே இல்லையே என்று வெளியே தள்ளி நூடிவைரஸ் என்றார்கள். நூடுஸ் என்றால் அம்மணம். வண்டின் பெயர் ஒரிக்டஸ், தோண்டுபவன். பாவம், கிரேக்கக் கோலைப் பிடுங்கி, லத்தீன் கோலைக் கொடுத்து, அதையும் பிடுங்கிக்கொண்டு அம்மணமாக அனுப்பிவிட்டார்கள். பழைய கட்டுரை படிக்கிறவர்கள் மூன்று பெயரும் ஒரே ஆள் என்று குறித்துக்கொள்ளாவிட்டால் குழம்பிப் போவார்கள்.

அவள் வீட்டுப்பாடம் நாலு பக்கம் போனது. கேட்டது அரைப் பக்கமாம். ராத்திரி பத்து மணிக்கு வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி: "மாமா, வெங்காயத்துல வர புழு ஸ்போடோப்டெரா எக்சிகுவா. எக்சிகுவா மட்டும் சொல்லு." நான் கண்ணாடியைத் தேடி எடுத்து, பெர்சியஸைத் திறந்து, அது சுற்றிச் சுற்றித் திறப்பதற்குள் அடுத்த செய்தி வந்துவிட்டது.

"கிடைச்சிடுச்சு. எக்சிகுவஸ்னா சின்னது. சாம்பல் இறகு, சின்ன சைஸ். சரியா?"

சரி என்று போட்டுவிட்டுப் படுத்துவிட்டேன்.